குளித்து முடிந்ததும் சொல்லலாம்

என்ன சொல்வது என்பதில் ரலிட்சாவுக்கும் அவள் கணவன் யாவோருக்கும் தகராறு இல்லை. அது வசந்தத்திலேயே முடிவாகிவிட்டது. யாவோர் ப்ளோவ்திவ் நகரத்துக்குக் குடிபோகிறான். அங்கே ஒருத்தி இருக்கிறாள். புர்காஸில் இந்த வீடும் மகள் நேதாவும் ரலிட்சாவோடு. எட்டு வயதுப் பிள்ளையிடம் இதை எப்போது சொல்வது என்பதில்தான் தகராறு.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிறு என்று ரலிட்சாதான் நாள் குறித்தாள். சமையலறை பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு, சிகரெட் பிடித்தபடி இருவரும் திட்டம் போட்டார்கள். காலையில் கடலோரச் சாலையில் இருக்கும் பழங்காலக் கிராமம். மாவரைக்கிறவர்களும் கம்பளி நூற்கிறவர்களுமாக அந்தக் காலத்து உடுப்பில் ஆட்கள் அங்கே வாழ்ந்து காட்டுவார்கள். ஞாயிறானால் ஒரு கல்யாணமும் நடத்திக் காட்டுவார்கள். மதியம் பொடிமீன் வறுவல். அப்புறம் சரிவில் இறங்கினால் கடல்.

"குளிச்சு முடிச்சதும் சொல்லிடலாம்," என்றான் யாவோர். "துண்டைப் போத்தி, நடுவுல உக்கார வச்சு."

"துண்டை மறக்காம எடுத்து வை. மத்ததெல்லாம் நீ எடுத்து வச்சாச்சு, பாத்தேன்," என்றாள் ரலிட்சா.

நேதா தன் அறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இந்த வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட சுவர்கள். அங்கேயே பத்து வருஷம் குடியிருந்தவர்களுக்கு அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

ரலிட்சாவின் உள்கணக்கு வேறு. நாள் முழுக்கப் பிள்ளை அவன் தோளில் தொங்கிக்கொண்டு வந்தால், சாயங்காலம் எந்த வாயால் சொல்வான்? இன்றைக்கு வேண்டாம் என்பான். இன்றைக்கு வேண்டாம் என்கிறவன் நாளைக்கும் அதையே சொல்வான். ஒரு குளிர்காலம் இப்படி ஓடிவிட்டால் போதும். பைத்தியக்காரக் கணக்குதான், அவளுக்கே தெரியும். இருந்தும் ஞாயிறு காலை இருட்டோடு எழுந்து பனிட்சா என்கிற அடுக்கு அப்பம் சுட்டாள், அவனுக்குப் பிடித்த மாதிரி சீஸ் தூக்கலாகப் போட்டு.

கணக்கு முதலில் நன்றாகத்தான் போனது. காரில் யாவோர் பனிட்சாவை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். திரிகைக்காரர் நேதாவின் மூக்கில் மாவைத் தடவியபோது வாய்விட்டுச் சிரித்தான். அப்படியே சதுக்கத்துக்கு வந்தால் அங்கே கல்யாணக் கூட்டம். மாமியார் வேஷம் கட்டிய பெரிய குரல்காரி ஒருத்தி, பெண்ணும் மாப்பிள்ளையும் கூட்டத்திலிருந்துதான் வரவேண்டும், வெட்கப்படாதவர்கள் கையைத் தூக்கலாம் என்று அழைத்துக்கொண்டிருந்தாள்.

கடையில் மிட்டாய் கேட்பதற்கே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற நேதா, இரண்டு கையையும் தூக்கினாள். ஆளுக்கொரு கையாகப் பிடித்து அப்பாவையும் அம்மாவையும் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மறுக்க வழியில்லை, சுற்றிலும் கைதட்டுகிறார்கள். ரலிட்சாவின் தலையில் சிவப்புத் துணி போட்டார்கள், யாவோரின் இடுப்பில் கச்சை கட்டினார்கள். மாமியார்க்காரி இருவர் வாயிலும் தேன் தொட்ட ரொட்டியை ஊட்டினாள். யாவோர் போட்டோவுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு முழு ரொட்டியை இருவர் தலைக்கும் மேலே பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொன்னார்கள். பெரிய துண்டு யார் கையில் வருகிறதோ அவர்கள் சொல்தான் வீட்டில் செல்லும். எந்தக் கல்யாணத்திலும் இந்த இடத்தில்தான் கூச்சல் அதிகம். நிஜக் கல்யாணத்தில் யாவோர் மூச்சுப் பிடித்து இழுத்து முக்கால் ரொட்டியைப் பறித்துக்கொண்டவன். ரலிட்சா இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். எதிர்ப்பக்கம் இழுப்பே இல்லை. அவன் விரல்களைத் திறந்துவிட்டான், அவ்வளவுதான். மொத்த ரொட்டியோடு அவள் பின்னால் தடுமாறிப் போய் விழப் பார்த்தாள்.

"பாருங்கப்பா, மாப்பிள்ளை வீடு மொத்தத்தையும் பொண்ணுக்கே குடுத்துட்டாரு," என்றாள் மாமியார்க்காரி. "இந்த மாதிரி ஆம்பள எங்க கிடைப்பான்? கெட்டியா புடிச்சுக்கம்மா."

கூட்டம் சிரித்தது. ரலிட்சாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. விளையாட்டுக்குக்கூட அவன் இழுக்கவில்லை. சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை, அந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அப்போதுதான் நேதா மாமியார்க்காரியின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தக் கல்யாணம் செல்லும்ல?"

"செல்லாம? இத்தனை பேரு சாட்சியா நிக்கிறோம்ல," என்று அவள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

நேதா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அது விளையாடுகிற பிள்ளையின் முகம் இல்லை. பால்கனி, சாத்திய கதவு, அந்தச் சுவர் எல்லாம் ஒரே நேரத்தில் ரலிட்சாவின் ஞாபகத்துக்கு வந்தன. யாவோரிடம் சொல்லலாம் என்று பார்த்தால், அவன் இடுப்புக் கச்சையை அவிழ்த்துக்கொண்டே, கடற்கரையில் காரை எங்கே நிறுத்துவது என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தான். பொடிமீன் தட்டை அன்று நேதா தொடவே இல்லை.

கடற்கரையில் கூட்டம் இல்லை. காற்று குளிராக அடித்தது. வேகவைத்த சோளம் விற்கிறவன் கடைசி நடை நடந்துகொண்டிருந்தான். நேதா செருப்பைக் கழற்றியதுதான் தெரியும், தண்ணீரில் இருந்தாள். யாவோர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஒத்திகை பார்க்கிறான்.

முதல் தடவை கூப்பிட்டதற்கு, இன்னும் கொஞ்ச நேரம் என்று பதில் வந்தது. இரண்டாவது தடவைக்கும் அதே பதில்தான். சோளம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தான். வேண்டாமாம். மற்ற பிள்ளைகள் எல்லாம் எப்போதோ கரையேறிவிட்டார்கள். நேதா நீந்தவும் இல்லை, விளையாடவும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் கரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

"நீ கூப்பிட்டுப் பாரேன்," என்றான் யாவோர். "எனக்கு நேரமாகுது."

"அவளுக்குத் தெரியும், யாவோர்."

"என்ன தெரியும்?"

"குளிச்சு முடிச்சதும் சொல்லப் போறோம்னு. அதான் முடிக்க மாட்டேங்குறா."

யாவோர் கல்நெஞ்சக்காரன் ஒன்றும் இல்லை. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான், தோள் குலுங்கியது. ரலிட்சா பக்கத்திலேயே நின்றாள். இப்போது ஒரு வார்த்தை சொல்வான் என்று, மானத்தை விட்டு, நின்றாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தான், பிள்ளைக்காகத் துண்டை உதறி விரித்தான். போகவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் உடுத்திய கவுனோடு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் நனைந்ததும் குளிர் எலும்பில் ஏறியது. அம்மா வருவதைப் பார்த்து நேதா ஓரடி பின்னால் போனாள்.

"போதும்டா கண்ணு. வா, ஜுரம் வந்துடும்."

"வந்தா சொல்லிடுவீங்க."

ரலிட்சா இன்னும் ஓரடி எடுத்து வைத்தாள். கைக்கு எட்டியதும் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் உடம்பு முழுக்க நடுங்கியது.

"எனக்குக் குளிரவே இல்லம்மா," என்றாள் நேதா. பல் அடித்துக்கொண்டதில் பாதிச் சொல் வெளியே வரவில்லை.

கரையில் யாவோர் இரண்டு கையாலும் துண்டை விரித்துப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தான். தூக்கிக்கொண்டு கரையேற வேண்டும் என்றுதான் ரலிட்சா இறங்கி வந்தாள். கால் அந்தப் பக்கம் நகரவில்லை. மணலில் முட்டிபோட்டுத் தண்ணீர் கழுத்துவரை வர, மகளை மடியில் ஏற்றிக்கொண்டாள்.

"எனக்கும் குளிரல," என்றாள்.