இடது கன்னம்

"வெயில்ல போனீங்களா?"

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார். ரேவதி இல்லை என்று தலையாட்டினாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் குரு. திரும்பி அவளைப் பார்த்தான், அவ்வளவுதான். அப்படிப் பார்த்ததற்கு நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அவளுக்கு வந்திருப்பது லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பின் மேல் பாய்கிற நோய். வெயில் பட்டால் அதற்குக் கொண்டாட்டம். கன்னம் சிவக்கும், விரல் முட்டிகள் வீங்கும், காய்ச்சல் அடிக்கும். போன வருஷம் இதே டாக்டர்தான் மாத்திரையும் வெயில் தாக்காமல் பூசிக்கொள்ள ஒரு கிரீமும் எழுதிக் கொடுத்து, வெயிலில் தலைகாட்டாமல் வீட்டோடு இருக்கச் சொன்னார். இல்லாவிட்டால் கிட்னியைப் பிடித்துவிடும் என்று எச்சரித்தும் அனுப்பினார். இப்போது சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருக்கிறது. மாத்திரையைக் கூட்டி எழுதிய டாக்டர், ஏன் இப்படி ஏறுகிறது என்று தெரியவில்லையே என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

ஏன் என்று குருவுக்குத் தெரிந்திருந்தது. அல்லது தெரிந்ததாக அவன் முடிவு கட்டியிருந்தான். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் பக்கத்து வீட்டிலிருக்கும் அவன் அக்கா கலாவதி. தம்பி சாயப் பட்டறைக்குக் கிளம்பியதும் ரேவதி கதவைச் சாத்திவிட்டு ஊர் சுற்றுகிறாள், மொட்டை மாடியில் நின்று போனில் பேசுகிறாள் என்பது கலாவதியின் கட்சி. அதற்குச் சாட்சியாக அந்த கிரீமையே காட்டினாள். வாங்கி இத்தனை மாசமாகியும் டியூப் பாதிகூடக் காலியாகவில்லை, பூசிக்கொள்ளாமல் வெளியே போனால் நோய் ஏறாமல் என்ன செய்யும் என்று கேட்டாள்.

உண்மை இதற்கு நேர் எதிர். வெளியே போகாதவளுக்கு கிரீம் எதற்கு என்றுதான் ரேவதி அதைத் தொடவில்லை. டாக்டர் சொல்வதற்கு முன்பு அவள் காய்கறிக் கடைக்குப் போவாள், கோயிலுக்குப் போவாள், நடுவில் நேரம் கிடைத்தபோது தறியில் உட்காருவாள். டாக்டர் சொன்ன பிறகு கடையும் கோயிலும் நின்றுபோயின. வீட்டுக்கு வீடு தறி இருக்கும் பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு இரு என்றால் தறியில் உட்கார் என்று அர்த்தம். காலையில் தறிக் குழிக்குள் கால் வைத்தால் சாயங்காலம்தான் எழுந்தாள். மாடிக்குப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு, காய்ந்த துணி எடுக்க. சொன்னால் யார் நம்பினார்கள்?

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே குரு தெளிவாகச் சொல்லிவிட்டான். இந்தத் தடவையும் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டால், அவளை மாகறலில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிடுவான். உடம்பு தேறினதும் கூட்டிக்கொள்கிறேன் என்றான். தேறும்வரை என்று சொல்லி விடப்பட்ட மருமகள்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அதிலும் அவளுக்குக் குழந்தை வேறு இல்லை. ரேவதிக்கு நோயைவிட இந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

டாக்டர் அதே கேள்வியைக் கேட்டாயிற்று.

மதியமே ஊருக்குத் திரும்பினார்கள். கார் குருவின் சிநேகிதன் சத்யராஜுடையது; அவனே ஓட்டினான். பின் சீட்டில் இடது ஜன்னலோரம் ரேவதி, பக்கத்தில் குரு. வீட்டு வாசலில் ஏறி ஆஸ்பத்திரி போர்ட்டிகோவில் இறங்கி, மறுபடி அங்கேயே ஏறியாயிற்று. ஒரு அடிகூட அவள் வெயிலில் வைக்கவில்லை. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, கார் ஜில்லென்று இருந்தது. பூந்தமல்லி தாண்டியதும் மதிய வெயில் அவள் பக்கத்து ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொண்டு ஊர் வரும்வரை நகரவே இல்லை. அழுவது தெரியக்கூடாது என்று அவள் முகத்தைக் கண்ணாடிப் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். அப்படியே தூங்கியும் போனாள்.

மறுநாள் காலை மாகறலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. எழுந்தபோதே முகம் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தாள். இடது கன்னம் செக்கச்செவேல் என்று தடித்திருந்தது. இடது கையில் ரவிக்கை முடிகிற இடத்திலிருந்து மணிக்கட்டு வரை அதே சிவப்பு. இதைப் பார்த்தால் அவள் வெயிலில் போனாள் என்றே குரு முடிவு கட்டிவிடுவான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பையில் துணிகளை அடுக்கினாள்.

கலாவதி கண்ணிலிருந்து எது தப்பும்? வழியனுப்ப வந்தவள் முந்தானையை விலக்கிப் பார்த்து, தம்பியைக் கூப்பிட்டாள்.

"பார்த்தியாடா? விடிஞ்சதும் மாடியில வெயில்ல போய் நின்னுக்கினு இருந்திருக்கா. நாம தூங்கிக்கினு இருக்கறோம்."

குரு வந்து பார்த்தான். ரேவதி தலை குனிந்து நின்றாள். இல்லை என்று எத்தனை தடவை சொல்வது?

குரு அவள் கன்னத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தான். வலது கன்னத்தைத் திருப்பச் சொன்னான். அதில் பழைய தழும்பைத் தவிர ஒன்றுமில்லை.

"நேத்து பூரா நான்தான் கூட இருந்தேன்க்கா," என்றான் மெதுவாக. "காலையில நான் எழுந்தப்புறம்தான் இவ எழுந்தா. எங்கியும் போகல."

கலாவதி விடவில்லை. அப்படியானால் இது எப்படி வந்ததாம் என்று கேட்டாள். வாசலில் காரை நிறுத்திவிட்டு சத்யராஜ் அப்போதுதான் உள்ளே வந்தான். அவனிடம் குரு கேட்ட கேள்வி யாருக்கும் விளங்கவில்லை. நேற்று திரும்பும்போது வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டான்.

சத்யராஜ் கொஞ்சம் யோசித்து, இடது பக்கம் என்றான். பிறகு தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டிச் சிரித்தான். இடது கை மாநிறம், வலது கை கறுப்பு. பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் கேட்டார்கள், எப்போதும் கண்ணாடி ஏற்றித்தான் ஓட்டுகிறேன், அப்படியும் ஜன்னல் பக்கத்துக் கை கறுக்கிறது, என்ன சாபமோ தெரியவில்லை என்றான்.

குரு சிரிக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனான். அவன் எங்கே போகிறான் என்று மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள். தறிக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். தறி இருக்கும் பின்கட்டுக்கு மட்டும் ஓட்டுக் கூரை; தறிக்கு வெளிச்சம் வேண்டுமென்று ஓடுகளுக்கு நடுவே அவனே கண்ணாடி ஓடு ஒன்று பதித்திருந்தான். அதன் வழியாக இறங்கிய வெயில், நெய்பவள் உட்காரும் பலகை மேல் சதுரமாக விழுந்திருந்தது. தறியில் இருந்த ரோஜா நிறப் புடவை மேல் மட்டும் பழைய வேட்டி ஒன்று நாலு மடிப்பாகக் கிடந்தது. அவன் தோய்த்த சாயம் அது. வெளுத்துவிடும் என்று, நெய்த வரைக்கும் மூடி வைக்கச் சொல்லி தினமும் அவளை விரட்டுவான். ஒரு நாள் மறந்ததற்கு சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான்.

அவன் டாக்டருக்குப் போன் போட்டான். வெயில் செய்யும் கெடுதல் கண்ணாடி வழியாகவும் வருமா என்று கேட்டான். வரும் என்றார் அவர். சுடுகிற கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும், சுடாத கதிர் ஒன்று இருக்கிறது, அது உள்ளே வந்துவிடும், ஏசியில் இருந்தால் தெரியவே தெரியாது என்றார். அவள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும்கூட கிரீம் பூச வேண்டும், முழுக்கை போட வேண்டும், அந்தக் கண்ணாடி ஓட்டை மூட வேண்டும் என்றார். இப்போதே நிறுத்தினால் கிட்னியைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது என்றும் சொன்னார்.

கலாவதி அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டாள். சத்யராஜும் காரைப் பார்க்கப் போவதுபோல வெளியே போனான்.

குரு அவள் கையிலிருந்த பையை வாங்கப் பார்த்தான்.

"போக வேணாம் ரேவதி. இன்னிக்கே ஓட்டை மாத்திடறேன். டியூப் லைட் போட்டுக்கலாம். தப்பு என்னுதுதான்."

ரேவதிக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது, இத்தனை மாசத்துக்கும் சேர்த்து.

"என் வாயால எவ்ளோ நாளா சொல்லிக்கினு இருந்தேன். அது உங்களுக்கு ஏறல. கன்னம் இப்பிடி வெந்தாதான் ஏறுது," என்றாள். "நாளைக்கு வேற ஒண்ணு வரும். அப்ப எதை வேக வச்சுக் காட்டறது?"

குரு பையிலிருந்து கையை எடுத்தான்.

அவள் பையோடு வாசலுக்கு நடந்தாள். "அம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க விடல, நானா போறேன். ஓட்டை மாத்திட்டு வந்து கூப்பிடுங்க. வரேனா இல்லியானு அப்ப சொல்றேன்."

மாகறல் போகும்போது வெயில் எந்தப் பக்கம் விழும் என்று சத்யராஜைக் கேட்டாள். காலை நேரம், தெற்கே போகிறோம், இடது பக்கம்தான் என்றான். அவள் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில் குரு உள்ளேயிருந்து ஓடிவந்து, தன் முழுக்கைச் சட்டை ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினான். ரேவதி வாங்கிப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டாள். கிரீமை எடுத்து முகத்திலும் கழுத்திலும் நிதானமாகப் பூசிக்கொண்டாள். கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். கூட வரட்டுமா என்று குரு கேட்டது அவள் காதில் விழுந்தது. அவள் சத்யராஜிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள்.