பெட்டி மூடும் நேரம்

ஒரு கையில் பூக்கூடை, மறு கையில் பாதிரியாருக்கான குடை. இரண்டாவது பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்று அல்போன்சம்மாள் டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவளுடைய அப்பா சவரிராஜ் சவப்பெட்டியில் கிடந்தார். இரண்டரைக்கு மூடுவார்கள். மணி இரண்டே கால்.

காலையிலிருந்து அவள் உட்காரவில்லை. உட்காரச் சொன்னவர்களே அடுத்த மூச்சில் மைலோ பாக்கெட் எங்கே, மெழுகுவத்தி எங்கே என்று கேட்டார்கள். கப்பல் கம்பெனியில் பதினான்கு பேரை மேய்க்கிற கெட்டிக்காரி, அவளுக்கு எதுதான் தெரியாது! ஆபீசில் எல்லாருடைய லீவும் அவளுக்கு மனப்பாடம். அவள் லீவு எடுத்தது அம்மா செத்தபோது மூன்று நாள், இப்போது மூன்று நாள்.

அம்மாவின் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன், செம்பவாங் வீட்டில், பஸ்காரன் வழி கேட்கிறான் என்று வாசலில் யாரோ குரல் கொடுக்க, ஓடினாள். திரும்பி வந்தபோது மூடியைத் திருகி முடித்திருந்தார்கள். அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அப்பாதான் பேச்செடுத்தார். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் ஸ்டோர் பார்த்துக்கொண்டே ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த மனிதர். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தண்ணீர் வேண்டுமென்று நர்ஸைக் கூப்பிட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மாவ மூடும்போது நானும் இல்லம்மா. நாற்காலி அடுக்கிக்கிட்டிருந்தேன்."

"யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்கப்பா."

"யாரும் கூப்பிடல லா. கூப்பிட மாட்டாங்களான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் நானா போயிட்டேன்."

அவள் அவர் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அம்மாவை மூடிய அன்றைக்கு வாசலில் நின்றவர், 'யாராவது வாங்க' என்றுதான் கூப்பிட்டார். அவள் பெயரைச் சொல்லவே இல்லை.

இப்போது மணி இரண்டரை. "மூடலாமாம்மா?" என்றார் பெட்டிக்காரர்.

அவள் வாய் திறப்பதற்குள் தம்பி அற்புதராஜ் வந்து நின்றான். "அக்கா, முதல் பஸ்காரனுக்கு சிமெட்ரில எந்த கேட்னு தெரியலையாம். கொஞ்சம் வர்றீங்களா?"

கால் தானாகத் திரும்பியது. சனியன் பிடித்த கால்.

"நீ அப்பாவப் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன்."

குடையையும் பூக்கூடையையும் அவன் கையில் திணித்தாள். "அப்போ நீயே போய் சொல்லு."

"எனக்கு எந்த கேட்னு தெரியாதேக்கா."

"தெரிஞ்சவங்களக் கேளு. நான் வரல."

அவன் குடையும் கூடையுமாகப் போனான். பெட்டிக்காரர் மூடியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

அல்போன்சம்மாள் பெட்டியருகே போனாள். பயமாகத்தான் இருந்தது. அப்பாவின் ஒரு பக்க மீசையை யாரோ கூடுதலாகக் கத்தரித்திருந்தார்கள். விரல்களில் சுற்றிய ஜெபமாலை நழுவி இடது பக்கம் தொங்கியது. சரிசெய்யக் கை நீண்டது. பாதியில் நிறுத்தி, மடக்கிக்கொண்டாள்.

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெபமாலை கோணலாகவே கிடந்தது.