திருப்பித் திட்டாதவன்

கலாசார மண்டபத்தில் அன்று நாற்காலி போதவில்லை. ஏரிக்கரையில் அணு மின்நிலையம் கட்டலாமா வேண்டாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு வரவிருந்தது. அதற்கு முன்னால் ஊர்மக்களின் கருத்தைக் கேட்டுப்போக நகரத்திலிருந்து சிலர் வந்திருந்தார்கள். பல்காஷ் ஏரியின் ஓரத்தில் கிடக்கும் கோக்தோபெ என்ற ஊரின் கருத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் கருத்து இல்லாதவர்கள்கூட நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

செரிக்பாய்க்குக் கருத்து இருந்தது. ஊரின் மின்கம்பங்களில் ஏறுகிறவன் அவன். பனிப்புயலில் கம்பி அறுந்தால் ஊரார் முதலில் அவனைத் திட்டுவார்கள், பிறகுதான் கூப்பிடுவார்கள். கையுறையைக் கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும் குளிரில் கம்பத்தின் உச்சியிலிருந்து ஊரைப் பார்த்திருக்கிறான். ஒரு வீட்டிலும் வெளிச்சம் இருக்காது. அந்தக் காட்சியை நினைத்தாலே அவனுக்கு மின்நிலையம் வேண்டும் என்று தோன்றும். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் வெளியே சொல்வதில்லை. அவன் மகன் மேற்கே எண்ணெய் வயலில் வேலை பார்த்தான். இங்கே வேலை இருந்தால் பையன் திரும்பி வருவான்.

மீன் விற்கும் ரௌஷன் அக்காதான் முதலில் எழுந்தாள்.

"உலைக்கு ஏரித் தண்ணி வேணுமாமே. இருக்கிற தண்ணியே வருஷா வருஷம் பின்னால போயிட்டிருக்கு. சூடான தண்ணியத் திருப்பி ஊத்தினீங்கன்னா, நாங்க என்ன வலையில அவிச்ச மீனா பிடிக்கிறது?"

"பிடிங்க அக்கா, அடுப்புச் செலவு மிச்சம்," என்றது பின்வரிசை.

"உனக்குப் பல்லே இல்ல, நீ வாய மூடு."

பள்ளி ஆசிரியை காற்றாலையைப் பற்றிப் பேசினாள். இந்த ஊரில் காற்று அடிக்காத நாள் உண்டா, துணி காயப் போட்டால் அடுத்த ஊரில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் காற்றைச் சும்மா விட்டுவிட்டு எதற்கு இந்த நெருப்போடு விளையாட்டு என்று கேட்டாள். கைதட்டல் கேட்டது. செரிக்பாய் உட்கார்ந்தபடியே பதில் சொன்னான்.

"காத்து அடிக்கும் டீச்சர். நமக்கு வேணுங்கறப்போ அடிக்குமா? ஜனவரில உசுரு போற குளிர் வருதே, அன்னைக்கு ஒரு நாணல்கூட அசையாது. சூரியனும் சாயங்காலம்னு சொல்லி மத்தியானமே வீட்டுக்குப் போயிரும். அன்னைக்குத்தான் நீங்க எல்லாரும் அடுப்பையும் ஹீட்டரையும் ஒண்ணாப் போடுவீங்க."

அதற்கும் கைதட்டினார்கள். இரண்டு பக்கமும் தட்டுகிறவர்கள் ஒரே ஆட்கள்தானோ என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்போதுதான் மெய்ராம் எழுந்தான்.

மெய்ராமும் அவனும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். குர்தாஸ்கள். குர்தாஸ் என்றால் நாக்குக்குக் கடிவாளம் கிடையாது. மனைவி முன்னால், மக்கள் முன்னால், சவ ஊர்வலம் முடிந்து திரும்பும் வழியில்கூட ஒருவனை ஒருவன் வாரலாம். அதற்குக் கோபப்பட்டால் கோபப்பட்டவன்தான் சின்னப்புத்திக்காரன். ஏரி உறைந்ததும் இருவரும் பனிக்கட்டியில் பக்கத்தில் பக்கத்தில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். ஒருவன் தேநீருக்குத் திரும்பினால் மற்றவன் அவன் குவியலிலிருந்து ஒரு மீனைத் தூக்கிவிடுவான். "களவாணி! உங்கப்பன் ஒட்டகம் திருடினவன், நீ மீனுக்கு வந்துட்டே!" என்று ஏரி முழுக்கக் கேட்கும். மெய்ராம் வீட்டுக் கூரையில் ஒரு சூரியத்தகடு உண்டு. பனி விழுந்த காலையில் அவன் துடைப்பத்தோடு கூரையேறுவதைத் தெருவில் நின்று பார்த்துக் கேலி செய்வது செரிக்பாயின் குளிர்காலப் பொழுதுபோக்கு.

மெய்ராம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான். "இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நாங்க இந்த ஊருக்கு வந்தப்போ நான் சின்னப் பையன். அதுக்கு முன்னால செமெய் பக்கம் இருந்தோம். அணுகுண்டு வெடிச்சுப் பாத்தாங்களே, அந்தப் புல்வெளிக்குப் பக்கத்துல."

ரௌஷன் அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

யாரிடமும் சொன்னதில்லை என்பது முழுக்க உண்மை இல்லை. பல வருடத்துக்கு முன்னால், மீன் கடிக்காத ஒரு நாளில், பனிக்கட்டியின் மேல் உட்கார்ந்து செரிக்பாயிடம் மட்டும் சொல்லியிருந்தான். அவனுக்கு ஒரு அண்ணன். பிறந்ததிலிருந்து நிற்க முடியாதவன். வெயில் பிடிக்கும் என்று தாய் அவனைத் தினமும் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைப்பாள். சொல்லி முடித்துவிட்டு மெய்ராம் தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்போது அதைத்தான் சொல்லப்போகிறான். செரிக்பாய் சுற்றிலும் பார்த்தான். சற்றுமுன் அவனுக்குக் கைதட்டிய முகங்கள் எல்லாம் மெய்ராமின் பக்கம் திரும்பியிருந்தன. அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டால் கம்பத்தைப் பற்றியும் குளிரைப் பற்றியும் அதன் பிறகு யார் பேச முடியும்?

"அதான பாத்தேன்!" என்றான் சத்தமாக. "இவன் வீட்டுக்கு எதுக்குடா கரண்டு? ராத்திரி எந்திரிச்சா இவனே மின்னுவானே! கூரையில அந்தத் தகட்டைக் கழட்டிட்டு இவனைக் கட்டி வையுங்க, ஊருக்கே வெளிச்சம்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் விடுகிற சிரிப்பு அது. நகரத்திலிருந்து வந்தவர்களும், சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். யாரோ கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மெய்ராமும் புன்னகைத்தான். எல்லோரும் அவன் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவன் பதில் எப்போதும் இதைவிடக் காரமாக இருக்கும். அவன் கையிலிருந்த தொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையில் போட்டுக்கொண்டான்.

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

வீட்டுக்கு வந்ததும் செரிக்பாயின் மனைவி ஷோல்பான் தேநீரை அவன் முன்னால் நகர்த்தாமல், வைத்த இடத்திலேயே விட்டாள்.

"குர்தாஸ் பேச்சு. அதுக்கென்ன இப்போ?" என்றான் அவன், அவள் எதுவும் கேட்காமலே.

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"மூஞ்சி சொல்லுதே."

"மூஞ்சிய ஏன் பாக்குறீங்க? டீயக் குடிங்க."

அந்தப் படம் கைபேசிக்குக் கைபேசி தாவியது. மெய்ராம் செமெய் என்று சொன்னதும் அதில் இருந்தது. 'கோக்தோபெ ஊர்க்காரன் வாய்' என்று தலைப்புப் போட்டு யார் யாரோ அனுப்பினார்கள். எண்ணெய் வயலிலிருந்து மகன்கூடப் பார்த்துவிட்டுச் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினான். பெரிய நகரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துப் பையனுக்குத்தான் மெய்ராமின் மகள் அக்மராலைப் பேசியிருந்தார்கள். பையனின் தாய் வந்து பெண்ணின் காதில் கம்மல் போட்டுவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. அதற்கு நாளும் குறித்தாயிற்று, விருந்துக்கு ஆடும் ஒதுக்கியாயிற்று.

குறித்த நாளில் அவர்கள் வரவில்லை. பையனின் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரம் வேறு யாருக்கோ உடம்பு சரியில்லை. ஒதுக்கிய ஆடு மெய்ராம் வீட்டுப் பின்புறத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. கம்பத்தின் மேலிருந்து செரிக்பாயால் அதைப் பார்க்க முடிந்தது.

மெய்ராமைச் சீண்டிவிட்டால் சரியாகிவிடும் என்று அவன் கணக்குப் போட்டான். பெட்ரோல் நிலையத்தில், "என்னடா, வண்டிக்குப் பெட்ரோல் எதுக்கு, பாய்மரம் கட்டிக்கோயேன், காத்துக்கட்சிக்காரா!" என்றான். மெய்ராம் சிரித்தான். "செய்யலாம், செய்யலாம்," என்றான். அவ்வளவுதான். மொட்டைத்தலையா என்று சொல்லவில்லை, கரண்டுக் குரங்கு என்று சொல்லவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு மாலை செரிக்பாய் மெய்ராமின் வீட்டுக்குப் போனான். வழக்கமாகக் கதவைக் காலால் தள்ளித் திறப்பான். அன்று தட்டினான். ஏன் தட்டினோம் என்று அவனுக்கே புரியவில்லை.

"வாங்க வாங்க," என்று எழுந்து வந்தான் மெய்ராம். "உள்ள வாங்க, மேல உக்காருங்க."

மேல் என்றால் வாசலுக்கு எதிரே, பெரிய விருந்தாளிகளை உட்காரவைக்கும் இடம். இத்தனை வருடத்தில் செரிக்பாய் அங்கே உட்கார்ந்ததில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கிடைத்த மூலையில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வதுதான் வழக்கம். இன்று முதுகுக்குத் திண்டு போட்டார்கள். தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மறுபடி மறுபடி நிரப்பினார்கள், மரியாதைக்குரியவர்களுக்குச் செய்கிற மாதிரி. இறைச்சி வந்தபோது நல்ல துண்டை மெய்ராமே தன் கையால் எடுத்து அவன் பக்கம் வைத்தான்.

"மெய்ராம், திட்டுடா," என்றான் செரிக்பாய்.

"எதுக்குத் திட்டணும்? சாப்பிடுங்க. ஷோல்பான் நல்லா இருக்காங்களா? பையன் போன் பண்றானா?"

"நீங்க, வாங்கன்னு என்னடா இது? என்னைக் கொல்றியா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல. வயசாகுதில்ல நமக்கும். இந்தத் துண்டையும் எடுத்துக்கங்க."

இரண்டு முறை வாயைத் திறந்தும் மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. குர்தாஸிடம் அதைக் கேட்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. குர்தாஸ்களுக்குள் மன்னிப்பு என்ற ஒன்றே கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை.

அக்மரால் அவனை வெளிவாசல்வரை கொண்டுவிட வந்தாள். நாயை ஒரு அதட்டுப் போட்டு உட்காரவைத்தாள்.

"கம்மல் விஷயம்…" என்று ஆரம்பித்தான்.

"அது முடிஞ்சுபோச்சு சித்தப்பா. நான்தான் முடிச்சேன். குண்டு வெடிச்ச பக்கத்துக் குடும்பமாச்சேன்னு ரத்தம் சோதிச்சுக் காட்டச் சொன்னாங்க. காட்டியிருக்கலாம், எனக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா கேட்டதுக்கப்புறம் அவங்க கையால கம்மல் போட்டுக்க மனசு வரல. அந்த மாமியார் எப்படின்னு முன்கூட்டியே தெரிஞ்சதும் நல்லதுக்குத்தான்." அவள் சிரித்தாள். அப்பனின் சிரிப்பு. "ஆடு தப்பிச்சுது."

"நான் விளையாட்டாத்தான்மா சொன்னேன்."

அக்மரால் குனிந்து நாயின் காதைத் தடவினாள்.

"விளையாட்டா சொல்லியிருந்தா அப்பா திருப்பிச் சொல்லியிருப்பாரு சித்தப்பா. அவருக்கா வாய் இல்ல? கூட்டத்துக்கு முந்தின ஒரு வாரமா பெரியப்பாவப் பத்திப் பேசப் பழகிட்டிருந்தாரு, மாட்டுக்கொட்டில்ல நின்னு. மாட்டுக்குத்தான் முழுசாத் தெரியும், அவரு என்ன சொல்ல நெனச்சாருன்னு."

அவள் உள்ளே போய்விட்டாள்.

செரிக்பாய் தெருவில் நின்றான். அவள் சொன்னது சரிதானா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். சரிதான். அந்த நொடியில் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. நண்பன் ஜெயித்துவிடுவான் என்ற பயம். அதைக் கேலி மாதிரி உடுத்தி அனுப்பிவிட்டான். ஊருக்கு அது தெரியவில்லை. மெய்ராமுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

வாக்கெடுப்பு நாளில் பள்ளிக்கூடத்தில் வரிசை. செரிக்பாய் மறைப்புக்குள் போய்ச் சீட்டைப் பிரித்தான். குளிர்காலம் அதே குளிர்காலம்தான், கம்பமும் அதே கம்பம்தான். காற்று அடிக்காத நாளுக்கு அவனிடம் இன்னமும் வேறு விடை இல்லை. சம்மதம் என்பதற்கு நேராகக் குறி போட்டான். மனம் மாறியிருந்தால் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். மெய்ராமிடம் போய், உன் பக்கம் வந்துவிட்டேன்டா என்று சொல்லியிருக்கலாம்.

நாடு முழுக்கச் சம்மதமே வென்றது என்று செய்தியில் சொன்னார்கள். மகனுக்கு போன் போட்டான்.

"நல்லதுப்பா," என்றான் மகன். "கட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆகுமோ. அதுக்குள்ள எனக்கு முடி நரைச்சிரும்."

டிசம்பரில் ஏரி உறைந்தது. செரிக்பாய் துளைபோடும் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்கட்டியின் மேல் நடந்தான். மெய்ராம் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். செரிக்பாயைக் கண்டதும் எழுந்து, இரு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குசலம் விசாரித்தான். செரிக்பாய் பக்கத்திலேயே துளை போட்டான். இருவரும் தூண்டிலை விட்டு உட்கார்ந்தார்கள். தூரத்தில், மின்நிலையம் வரப்போவதாகச் சொன்ன கரையில், அளவெடுக்க நட்ட கொடிகள் காற்றில் படபடத்தன. அன்று நல்ல காற்று.

மெய்ராம் தேநீர்ப் புட்டியைத் திறக்கத் திரும்பினான். செரிக்பாய் ஒருமுறை சுற்றிலும் பார்த்தான், முதல்முறை திருடுகிறவனைப் போல. கையை நீட்டி மெய்ராமின் குவியலிலிருந்து ஒரு கெண்டையைத் தூக்கித் தன் பக்கம் போட்டான். வேண்டுமென்றே ஓசை கேட்கும்படி போட்டான்.

மெய்ராம் திரும்பிப் பார்த்தான். செரிக்பாயின் பக்கம் கிடந்த மீனைப் பார்த்தான். செரிக்பாய் காத்திருந்தான். களவாணி என்று ஒரு வார்த்தை வரட்டும், அப்பனை இழுக்கட்டும், ஒட்டகத்தை இழுக்கட்டும்.

மெய்ராம் குனிந்தான். தன் குவியலைக் கிளறி, இருந்ததிலேயே பெரிய மீனாகத் தேடி எடுத்தான். அதன் மேலிருந்த பனியைக் கையுறையால் துடைத்தான். எழுந்து வந்து, செரிக்பாயின் மீனுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தான்.

"அது சின்னதா இருக்கு," என்றான். "இதையும் எடுத்துக்கங்க. வீட்டுல ஷோல்பானுக்குக் குடுங்க."