பேர் வைக்காத மருந்து

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஏழு வருடங்களுக்குப் பிறகு, நிலாவெளியில் இழுத்த கரைவலையில் மீனோடு ஓர் இரும்புக் குழாயும் வந்தது. அதைத் தட்டிப் பார்த்த வலைகாரன் லாபிருக்கு, அது வெடித்து வலக்கை போய்விட்டது.

ஆசுபத்திரிக்கு விசாரிக்க வந்த வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி கட்டிலருகே நின்று, "உள்ளே இருந்தது ஆர்.டி.எக்ஸ். அதைத் தட்டியது இவன் பிழை" என்றார். மொழிபெயர்ப்பாளர் தவராசா பிழைக் கதையை விட்டுவிட்டு, வெடிமருந்தின் பேரை மட்டும் சொன்னார்.

"அப்பிடியெண்டா என்ன ஐயா?" என்று லாபிரின் மனைவி ஸல்ஹா கேட்டாள்.

"சீமையில ஆராய்ச்சிப் பகுதி ஒண்டு செய்த வெடிமருந்து, தங்கச்சி. என்ன சாமானெண்டு வெளியில தெரியக்கூடாதெண்டு, பகுதியின்ர பேரைச் சுருக்கி மூண்டு எழுத்தைப் போட்டவங்கள். அதுக்கெண்டு ஒரு பேர் வைக்கேல்லை."

ஸல்ஹா கட்டுப்போட்ட தோளைப் பார்த்தாள்.

"ரெண்டு நாள் மட்டும் இருந்த எண்ட புள்ளைக்கும் பேர் வெச்சுத்தான் அடக்கினோம். இதச் செஞ்சவங்களுக்கு ஒரு பேர் வெக்க வாய் வரல்லியா?"

அவள் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார்.

இந்தமுறை தவராசா ஒரு சொல்லையும் விடவில்லை. எதையும் சுருக்கவும் இல்லை.