பெல்மேனி மூட்டை பறந்த நாள்

ஐம்பத்தேழு டிசம்பரில் நான் முதல்முதலாக ஜெட்டில் ஏறியபோது என் கையில் ஒரு கித்தான் மூட்டை இருந்தது. அதற்குள் முந்நூறுக்கும் மேலே பெல்மேனி. பன்றியும் மாடும் கலந்து கொத்தி, வெங்காயம் போட்டு, மாவுக்குள் வைத்து மூடிய சின்னச் சின்ன உருண்டை. இரண்டு சாயங்காலம் எங்கள் பாரக் குடியிருப்பில் பதினோரு பெண்கள் உட்கார்ந்து பிடித்தோம். பலகையில் அடுக்கி வெளியே வைத்தால் அரை மணியில் கல்லாகிவிடும். இர்க்கூத்ஸ்கில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரிக் குளிர்.

எனக்கு ஆங்காரா அணைக்கட்டில் கான்கிரீட் வேலை. கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடித்துப் பிடித்து, ராத்திரி கரண்டி எடுத்தாலும் கை நடுங்கும். அம்மா போனதும் தங்கை காப்பாவை நான்தான் வளர்த்தேன். அவள் படித்து மாஸ்கோ போய், அங்கே ஒருத்தனைப் பிடித்தும்விட்டாள். சனிக்கிழமை நாலு மணிக்குக் கல்யாணப் பதிவு, ஆறு மணிக்கு விருந்து. மாப்பிள்ளையின் அம்மா செரஃபீமா, “உங்க பக்கத்து ஆளு ஒருத்தரும் வரமாட்டாங்கதானே” என்று கேட்டாளாம். காப்பாவுக்கு வீம்பு. என் அக்கா வருவாள், வீட்டுப் பெல்மேனியோடு வருவாள், அதுதான் விருந்தில் முதல் தட்டு என்று சொல்லிவிட்டாள். ரயிலில் அஞ்சு நாள் வந்தால் அது கஞ்சியாகத்தான் வரும் என்று அந்தம்மா சிரித்தாளாம். இவள் இன்னும் ஒரு படி ஏறி, என் அக்கா ஜெட்டில் வருவாள், சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அங்கே கிளம்பி ரெண்டு மணிக்கு இங்கே இருப்பாள் என்றிருக்கிறாள். சைபீரியாவிலிருந்து ரெண்டு மணி நேரத்திலா என்று அந்த வீடே சிரித்தது. இர்க்கூத்ஸ்கில் பகல் பன்னிரண்டு என்றால் மாஸ்கோவில் காலை ஏழு. அதை அவள் வேண்டுமென்றே விளக்கவில்லை. எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதி, கடைசியில் “அக்கா, என் மானம் உன் மூட்டையில இருக்கு” என்று முடித்திருந்தாள்.

டிக்கெட்டை எங்கள் குழு பரிசாக வாங்கிக் கொடுத்தது. கிளம்பும் முன் வழக்கப்படி எல்லோரும் பேசாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்தோம். மூட்டை மட்டும் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது.

விமான நிலையத்தில் பெட்டி படுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் மூட்டையைத் தரவில்லை. பசி காலத்தில் வளர்ந்தவள் நான். கையை விட்டுப் போன மூட்டை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. தவிர, எனக்கு ஒரு கணக்கு இருந்தது. குளிர்காலத்தில் ரயிலேறும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ரயில் பெட்டிக்கு வெளியே இரண்டு கதவுக்கு நடுவில் ஓர் இடுக்கு இருக்கும். சிகரெட் பிடிப்பவர்கள் நிற்கும் இடம். அடுப்புச் சூடு அங்கே வராது. மீன், பால்கட்டி, இறைச்சி எல்லாம் அங்கேதான் தொங்கும். ஜெட் மட்டும் என்ன, அதற்கும் கதவு இருக்கிறதே என்று நினைத்தேன்.

உள்ளே போனால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கம்பளம், ஜன்னலுக்கு லேஸ் திரை, சாமான் தட்டுக்குப் பளபளக்கும் பித்தளை. என் தோல்பூட்ஸ் காலை அந்தக் கம்பளத்தில் வைக்கக் கூசியது. விமானப் பணிப்பெண்ணின் பெயர் ரிம்மா, இருபது வயசு இருக்கும். அவளிடம் ரகசியமாக, இடுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

“எந்த இடுக்குக்கா?”

“குளிரான இடம்மா. மூட்டை வைக்கறதுக்கு.”

அவள் என்னையும் மூட்டையையும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, வால் பக்கம் கோட்டு மாட்டும் இடத்தைக் காட்டினாள். அங்கே கதவோரம் வைத்துவிட்டு வந்தேன். ரிம்மா தட்டு நிறையப் புளிப்பு மிட்டாய் நீட்டினாள். காது அடைக்காமல் இருக்க அதைச் சப்ப வேண்டுமாம். எனக்கு ஒன்று, மூட்டைக்கு ஒன்று என்று இரண்டு எடுத்தேன்.

பிறகு ஜெட் கத்தியது. பத்துக் கான்கிரீட் மிஷின் சேர்ந்தாலும் அப்படிக் கத்தாது. முதுகைச் சீட்டோடு அழுத்தி, அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று. கீழே எங்கள் அணை செருப்பு நாடா மாதிரிக் கிடந்தது. ஏழு வருஷமாக அதில் உடம்பைத் தேய்த்திருக்கிறேன். ஒரு மிட்டாய் கரைவதற்குள் காணாமல் போயிற்று.

வெளியே ஐம்பத்தாறு டிகிரிக் குளிர் என்று ரிம்மா அறிவித்தாள். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு ஆறியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆண்கள் கோட்டைக் கழற்றினார்கள். பிறகு உள்சட்டைப் பொத்தானைத் திறந்தார்கள். என் கழுத்தில் வியர்வை இறங்கியது. எழுந்து வாலுக்கு ஓடினேன். கதவு வெதுவெதுப்பாக இருந்தது. மூட்டையைத் தொட்டேன். கலகலவென்று சத்தம் போட வேண்டியது, பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று அமுங்கியது.

ஒரு விரல் தடிமன் தகரம். அதற்கு அந்தப் பக்கம் ஐம்பத்தாறு டிகிரிக் குளிர். இந்தப் பக்கம் என் பெல்மேனி உருகுகிறது. இப்படி ஓர் அநியாயம் எனக்கு எந்த வேலைத்தளத்திலும் நடந்ததில்லை. ரிம்மாவிடம் ஒரே ஒரு ஜன்னலை ஓர் அங்குலம் திறக்க முடியுமா என்று கேட்டேன். பாவம், அவள் எனக்காக முகம் வாடினாள். ஓம்ஸ்கில் எண்ணெய் நிரப்ப ஒரு மணி நேரம் நிற்போம், அதுவரை பொறுங்கள் என்றாள். பொறுத்தேன். எல்லோரும் பீங்கான் தட்டில் கோழி சாப்பிட்டார்கள். நான் மூட்டையை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தேன்.

ஓம்ஸ்கில் படி வைத்ததும் முதல் ஆளாக இறங்கினேன். இருபத்தேழு டிகிரிக் குளிர், ஆனாலும் நல்ல வெயில். மற்றவர்கள் டீ குடிக்கக் கட்டடத்துக்குள் போக, நான் விமானத்துக்குப் பக்கத்தில் தள்ளி வைத்த பனிமேட்டில் மண்டியிட்டு மூட்டையை அவிழ்த்தேன். ஓரத்தில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருந்தன. மூட்டையோடு உறைந்தால் ஒரே பாறாங்கல்லாகிவிடும், கோடாலியால்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொன்றாகப் பரப்பியாக வேண்டும். எதன் மேல்?

பக்கத்தில் ஒரு மெக்கானிக், நிக்கனோர் என்று பெயர், இஞ்சினுக்குப் போடும் கித்தான் உறையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். வயசாளி. முகமெல்லாம் எண்ணெய்.

“என்ன ஊரும்மா?” என்றான், பெல்மேனியைப் பார்த்துத்தான், என்னைப் பார்த்து அல்ல.

“இர்க்கூத்ஸ்க். தங்கச்சி கல்யாணத்துக்குக் கொண்டு போறேன். அந்த உறையைக் குடுங்கண்ணே, விரிச்சுக்கிறேன்.”

“இதுலயா? மண்ணெண்ணெய் நாறும். கல்யாண வீட்டுல பொண்ணை இல்ல, உன்னைத்தான் தேடி அடிப்பாங்க.”

அப்போதுதான் தோளில் தொங்கிய கைப்பை ஞாபகம் வந்தது. அதற்குள் காப்பாவுக்குச் சீராக நான் ஒரு குளிர்காலம் பூராவும் பூவேலை செய்த வெள்ளை மேசைவிரிப்பு. பனியில் விரித்துவிட்டேன். நிக்கனோர் கையுறையைக் கழற்றி, கையைப் பனியில் தேய்த்துக் கழுவிவிட்டு என்னோடு உட்கார்ந்தான். ஒட்டியதைப் பிரித்து மாவு கிழியாமல் அடுக்கினோம். டீ குடித்துவிட்டு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். அதில் ஒரு கர்னலும், கண்ணாடி போட்ட பெரிய மனுஷன் ஒருவரும் குனிந்து கை கொடுத்தார்கள். கண்ணாடிக்காரர் அடுக்கிய வரிசை கோணல். கர்னல் அவரைத் திட்டினார்.

முக்கால்வாசி கல்லாகி வரும்போது பக்கத்து இடத்தில் நின்ற இன்னொரு ஜெட் விசிலடிக்க ஆரம்பித்தது. நிக்கனோர் நிமிர்ந்து பார்த்தான். அது திரும்பும்போது அதன் வால் காற்று நேராக இந்தப் பக்கம்தான் வரும் என்றான். அந்தக் காற்று ஆளையே உருட்டும், பெல்மேனி எந்த மூலைக்கு?

“கோட்டை விரிச்சு நில்லுங்கடா!” என்று கத்தினான். கர்னலையும் சேர்த்துத்தான் ‘டா’.

நின்றார்கள். பன்னிரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி, கோட்டு விரித்து, முதுகைக் காட்டிச் சுவர் கட்டினார்கள். நான் விரிப்பின் மேலே கவிழ்ந்து நாலு முனையையும் அள்ளிப் பிடித்தேன். இரைச்சல் வந்தது, பொடிப்பனி மூஞ்சியில் அறைந்தது, யாருடைய தொப்பியோ பறந்தது. அடங்கிய பின் எல்லோரும் பனிப்பொம்மை மாதிரி வெள்ளையாக நின்றார்கள். கண்ணாடிக்காரர்தான் தொப்பி போனவர். அவர் முதலில் கேட்டது, “ஏம்மா, சரக்கு பத்திரமா?”

விரிப்பைக் குலுக்கினேன். கூழாங்கல் மாதிரிக் கலகலத்தது. பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

நிக்கனோர் மூட்டையைக் கட்டி, விமானத்தின் தரையடியில் சாமான் வைக்கும் அறைக்குத் தரச் சொன்னான். அங்கே சூடு போகாது, கதவோரம் வைத்தால் பனி மாதிரி இருக்கும் என்றான். என் கை விடவில்லை.

“குடு தாயி,” என்றான். “என் மாமியாரும் தோம்ஸ்க் பக்கத்துப் பெல்மேனிக்காரிதான். இதைத் தொலைச்சா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா?”

கொடுத்தேன்.

மறுபடி ஏறி உட்கார்ந்தபோது என் மடியில் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எட்டு வயதிலிருந்து என் கையில் வாளி, குழந்தை, மண்வெட்டி, வைப்ரேட்டர் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்திருக்கிறது. இப்போது ரிம்மா வெள்ளிப்பிடி போட்ட கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தாள். எலுமிச்சை மிதந்தது. லேஸ் திரையை ஒதுக்கிப் பார்த்தேன். கீழே மேகம், புதிதாகக் கொட்டிய சுண்ணாம்பு மாதிரி, யாரும் மிதிக்காமல் கிடந்தது. சூரியன் எங்களோடு கூடவே ஓடி வந்தது. எவ்வளவு நேரம் போனாலும் பகல் கரையவில்லை. மூன்று மணி நேரம் நான் ஒன்றுமே செய்யவில்லை. அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் வரவில்லை.

மாஸ்கோவில் தரை தொட்டதும் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. வாலில் பாராசூட் விரித்திருக்கிறார்கள், அதுதான் பிரேக் என்றார் கர்னல். விமான நிலையக் கடிகாரத்தில் ரெண்டு மணி, அஞ்சு நிமிஷம்.

வேலிக்கு அந்தப் பக்கம் காப்பா, மேலே கோட்டு, கீழே வெள்ளைக் கவுன், சேற்றுப்பனியில் நனைந்த நுனியோடு நின்றாள். பக்கத்தில் நரித்தோல் காலர் போட்ட ஒரு பெரிய அம்மாள். பொய்யை நேரில் பிடிக்க வந்திருந்தாள். காப்பா என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். கை காலி. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“இறக்கிட்டு இருக்காங்கடி,” என்றேன்.

தள்ளுவண்டியில் வந்தது மூட்டை. எடுத்து செரஃபீமா அம்மாளின் காதுக்கு நேராக ஒரு குலுக்குக் குலுக்கினேன். கலகலவென்றது. அவள் கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள்.

பதிவு முடிந்தது. அம்மாவின் இடத்தில் நான் நின்று, மணமக்களை வரவேற்க ரொட்டியும் உப்பும் கொடுத்தேன். ஆறு மணிக்கு மேசைமேல் அந்த விரிப்பு. நடுவில் மாவுக்கறை இருந்தது, மேலே தட்டை வைத்து மறைத்தோம். பெல்மேனி ஆவி பறக்க வந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒன்றே ஒன்றில் மட்டும் இறைச்சிக்குப் பதில் மிளகைத் திணித்திருந்தேன். அது யார் வாயில் விழுகிறதோ அந்த வருஷத்து அதிர்ஷ்டம் அவருக்கு. ஆனால் முகம் மாறாமல் விழுங்க வேண்டும்.

எல்லோரும் சாப்பிட்டார்கள், யாரும் கத்தவில்லை. செரஃபீமா அம்மாளின் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கழுத்து சிவந்திருந்தது. முதுகு ஈட்டி மாதிரி நேராக இருந்தது. மென்றாள், விழுங்கினாள், வாயைத் துடைத்தாள். காப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அந்தம்மாள் காலித் தட்டை என் பக்கம் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் போடு,” என்றாள், குரல் கரகரக்க. “அப்புறம் அந்த ஜெட்டுக்கு டிக்கெட் எங்க வாங்கறதுன்னு சொல்லு. அடுத்த குளிருக்கு நானே வந்து எடுத்துக்கறேன்.”