பிப்ரவரி முப்பதில் பிறந்த தையல்காரம்மா

கண் ஆஸ்பத்திரியின் கணினி அறையில் எல்லாரும் அவளைக் காற்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். நிரல் எழுதும்போது ஒரே ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியையே அரை நாள் படுக்கவைத்த புண்ணியவதி. பட்டம் சூட்டியவர் வேறு யாருமில்லை, அங்கேயே நிர்வாகியாக இருக்கும் அக்கா கணவர்தான்.

இன்றைய வேலை எளிது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாலாயிரத்துச் சொச்சம் பேரின் பட்டியலைப் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். பதினோரு மணிக்குப் பழையதை அணைத்துவிடுவார்கள்; அதன்பின் புதியதில் பெயர் இல்லாதவருக்கு வரிசையில் இடமும் இல்லை. ஆளுக்கொரு வரி; நிரலில் கர்சர் என்கிற பகுதி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். மொத்தமும் ஒரே ட்ரான்ஸாக்ஷன்: ஏறினால் எல்லாம் ஏறும், இல்லாவிட்டால் ஒன்றும் ஏறாது.

நடுவில் பிழை வந்தால்? கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று எழுதியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் இந்தத் தொழிலில் அதைச் செய்யாத யோக்கியர் யார்?

பத்தேகாலுக்குத் திரை ‘முடிந்தது’ என்றது. புதியதில் ஏறியவற்றை எண்ணிப் பார்த்தாள். பூஜ்யம்.

“என்னம்மா, இவ்வளவு நேரம் காத்தையா ஏத்தின?” என்றார் அத்தான்.

தோண்டிப் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியிலேயே பிழை. அந்த ஒன்றுக்கே ட்ரான்ஸாக்ஷன் முறுக்கிக்கொண்டு, பின்னால் வந்த எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. முன்னால் ஏறியதையும் கடைசியில் அழித்துவிட்டது. அதன் வாயை இவளே கட்டிவிட்ட பிறகு யாரிடம் போய்ச் சொல்லும்?

ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஒரு சேவ்பாயிண்ட், திரும்பி வந்து நிற்க ஒரு மைல்கல், வைத்தாள். இனி பிழை வந்தால் அதுவரை மட்டும் பின்வாங்கி, மாட்டிய வரியைத் தனியே குறித்துவிட்டு மேலே போகும். மறுபடி ஓட்டினாள். பத்து நாற்பத்தைந்துக்கு ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் ஏறிவிட்டன. அந்த ஒன்றில் பிறந்த தேதி பிப்ரவரி முப்பது.

“ஒண்ணுதானே, விட்டுத் தள்ளு. அப்புறம் பாத்துக்கலாம்.”

“அத்தான், அவங்களுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன்.”

அத்தான் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த வரியில் இருந்த எண்ணை அழைத்தாள். எடுத்தவர் ஒரு தையல்காரம்மா. விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. “அன்னைக்குக் கேட்டாங்க, வாயில வந்ததச் சொன்னேன். நெஜத் தேதி யாருக்கும்மா தெரியும்? இதுக்காக என்னைக் கடைசிக்குத் தள்ளிடுவீங்களா?”

“யாரும் தள்ள மாட்டாங்கம்மா. இருபத்தெட்டுன்னு போடட்டுமா?”

“போடு தாயி. ரெண்டு நாள் மூத்தவளாவே இருந்துட்டுப் போறேன்.”

பதினொன்றுக்கு நாலு நிமிடம் இருக்கையில் அந்த வரியும் ஏறியது. சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. “ஊசியில நூல் கோத்து ரெண்டு வருஷமாச்சும்மா. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களத்தான் கெஞ்சிட்டிருக்கேன்.”

கண்டுகொள்ளாமல் போ என்று எழுதிய கை தன்னுடையதுதான். காற்புள்ளிக்கு வெட்கமாக இருந்தது.

“நாளைக்கு ஒன்பது மணிம்மா,” என்றாள். “நானே வாசல்ல நிக்கறேன்.”