கிணறு வெட்டியவன் பெயர்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மற்ற குமாஸ்தாக்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். ஹாலாஸ்யத்துக்கு மட்டும் சாக்கடைக் கல்லைக் குனிந்து பார்க்கிற வியாதி. மதுரைக் கோட்டையை வெள்ளைக்காரன் இடித்தபோது ஊர்க்காரர்கள் கல்லை அள்ளிக்கொண்டு போய் வாசற்படியாகவும் மாட்டுத்தொட்டியாகவும் ஆக்கிவிட்டார்கள். அதில் எழுத்துள்ள கல் எங்கே கிடக்கிறது என்று தெருத் தெருவாக அலைந்தார். பெண்டாட்டி போய்ப் பத்து வருஷம், பிள்ளை குட்டி கிடையாது, கேட்பாரும் இல்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் பத்திர நகல் எடுக்கும் வேலை. படிக்க முடியாத இடத்தைக் காலியாக விடுவாரே தவிர, உத்தேசமாக ஒரு எழுத்துக்கூட எழுதமாட்டார். அந்தப் பிடிவாதத்தாலேயே அவரோடு காப்பி குடிக்கக்கூட ஆபீஸில் ஆள் கிடையாது.

சிம்மக்கல் பக்கம் ஒரு வாசற்படியில் பாதிக் கல் கிடைத்தது. 'பிள்ளையில்லாத நான் வெட்டின கிணறு. இதில் தண்ணீர் குடிப்பவர்கள்' என்பதோடு உடைந்திருந்தது. குடிப்பவர்கள் என்ன செய்யவேண்டும்? ஒருவருமில்லாமல் சாகப்போகிறவன் ஊராரிடம் என்னதான் கேட்பான்? இந்தக் கேள்வி ஹாலாஸ்யத்தைப் பிடித்து ஆட்டியது. மற்றப் பாதியில்தான் பதிலும் அவன் பெயரும் இருக்கவேண்டும்.

இரண்டு வருஷம் தேடிய பிறகு, காஜிமார் தெருவில் புத்தகத்துக்கு அட்டை கட்டும் அப்துல் அலீம் சொன்னான்: "எங்க வீட்டு அம்மிக்கு அடியில எழுத்து இருக்கு ஐயரே. ஒரு பக்கம் ஒடைஞ்ச கல்லு. வந்து பாருங்க."

போனார். அது பெண்கள் வெளியாள் முன்னால் வராத கோஷா வீடு. அம்மியோ உள்ளே அடுப்படியில். அலீமின் தாய் மரியம் பீவி திரைக்குப் பின்னாலிருந்து, அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஹாலாஸ்யம் முதல் பாதியைச் சொன்னார்.

"அட அல்லாவே! அப்புறம் என்ன கேட்டாரு அந்த மனுசரு?"

"அதுதாம்மா உங்க அம்மியில இருக்கு."

"வார ஞாயித்துக்கிழமை வாங்க சாமி. கல்லைப் புரட்டி நடையில போடச் சொல்றேன்."

அந்த வாரம் முழுக்க ஹாலாஸ்யத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிறன்று கல் நடையில் கிடந்தது, கழுவிப் பளிச்சென்று. குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கல் முழுக்க அம்மைத் தழும்பு போலப் புதுக் குழிகள்.

"மண்ணு அடைச்சு எழுத்து மங்கிக் கெடந்துச்சு சாமி," என்றாள் திரைக்குப் பின்னால் மரியம் பீவி. "நீங்க கண்ணைச் சுருக்கிப் படிக்க வேணாமேன்னு, அம்மி கொத்துற இருளாயியைக் கூப்பிட்டு எடுப்பாக் கொத்திக் குடுக்கச் சொன்னேன். பொழுதன்னைக்கும் உக்காந்து கொத்துனா. இப்பத் தெளிவா இருக்கா?"

இருளாயி தனக்குத் தெரிந்த வேலையை ஒரு விரற்கடை விடாமல் செய்திருந்தாள். ஹாலாஸ்யம் தடவிப் பார்த்தார். ஒற்றை எழுத்து மிஞ்சவில்லை. யாரைத் திட்டுவது? அவருக்காக ஒருத்தர் இப்படி மெனக்கெட்டு எத்தனை காலம் ஆயிற்று!

"நன்னாத் தெளிவா இருக்கும்மா," என்றார்.

"என்ன கேட்டிருக்காரு?"

"பெரிசா ஒண்ணும் கேக்கலை. தண்ணி குடிக்கிறவா ஒரு தரம் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதுமாம்."

"இம்புட்டுத்தானா? பாவம். பேரு என்ன சாமி?"

ஆபீஸில் அவர் சார். தெருவில் ஐயர். பெற்றவள் கண்ணை மூடியதிலிருந்து அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஹாலாஸ்யம்."

"எங்க வீட்டுல எம்புட்டுக் காலமாக் கெடந்திருக்காரு, நாங்க அவரு மேலயே மொளகா அரைச்சிருக்கோம்," என்று மரியம் பீவி அங்கலாய்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கக் கூப்பிட்டாள்.

"ஹாலாஸ்யம்!"

"என்ன?" என்று கேட்டுவிட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது.

"சாமி, உங்க வீட்டுல யாரும் இல்லையா?"

"இல்லைம்மா," என்றார். "யாரும் இல்லை."